காதுக்குக் கூலி, வாய்க்குப் பூட்டு

கட்டாய இராணுவ சேவை வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி ஐரோப்பாவில் மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது. லித்துவேனியா 2015இலும் சுவீடன் 2017இலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தன. லாத்வியா 2023இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. பிரிட்டனில் 2024 பொதுத்தேர்தலின்போது அன்றைய பிரதமர் ரிஷி சுனக், பதினெட்டு வயதினருக்குத் தேசிய சேவையை மீட்டெடுப்பதாக வாக்களித்தார். அவர் கட்சி தோற்றது. வாக்குறுதியும் அத்துடன் போயிற்று. அரசியல்வாதிகள் இவ்வாறு பேசுவதில் வியப்பொன்றுமில்லை. இலக்கிய அன்பர்கள் சிலரும் இதற்குத் தாளம் போடத் தொடங்கியிருப்பதே நம்மை எழுதத் தூண்டுகிறது.

அவர்கள் எடுத்துக்காட்டும் சான்று பார்வைக்கு வலுவானது. பிரிட்டனில் 1951 முதல் 1960 வரை, கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களுக்கு ருஷ்ய மொழி கற்பித்த முப்படைகளின் கூட்டு மொழிப்பள்ளி ஒன்று இருந்தது. கார்ன்வாலில் பாட்மின், லண்டனுக்குத் தெற்கே கூல்ஸ்டன், ஸ்காட்லாந்தின் கடற்கரையில் கிரெயில் என மூன்று முகாம்களில் அது இயங்கிற்று. நாடகாசிரியர்கள் ஆலன் பென்னட், மைக்கேல் ஃபிரேய்ன், டென்னிஸ் பாட்டர், ஜாக் ரோசந்தால், கவிஞரும் நாவலாசிரியருமான டி.எம். தாமஸ் ஆகியோர் அவ்வேற்பாட்டின் வழியே ருஷ்யம் கற்றவர்கள். "பார்த்தீர்களா, எந்தப் பல்கலைக்கழகம் இத்தனை எழுத்தாளர்களைத் தந்தது? இராணுவம் தந்ததே!" என்கிறார்கள் நம் நண்பர்கள்.

இந்த வாதம் பிழையானது என்பது நம் துணிபு. வரலாற்றளவில் அது அரைகுறையானது, இலக்கியளவில் சோம்பலானது, அறத்தளவில் ஆபத்தானது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்தப் பள்ளி எதற்காகத் தோன்றியது என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போரில் தோழமை நாடாக இருந்த சோவியத் ஒன்றியம், போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் பகை நாடாக மாறிற்று. 1949 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய சேவைச் சட்டத்தின்படி பிரிட்டனின் இளைஞர் பதினெட்டு வயதில் படைக்குச் செல்ல வேண்டும். காலம் முதலில் பதினெட்டு மாதம். 1950இல் கொரியப் போர் மூண்டதும் அது இரண்டாண்டாக நீட்டப்பட்டது. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் இருப்புப்படையில் பெயர் இருக்கும். அழைப்பு 1960 டிசம்பர்வரை நீடித்தது. கடைசி இளைஞர் விடுதலையானது 1963இல். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இவ்வாறு சீருடை அணிந்தனர்.

அவர்களுள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் ருஷ்யம் கற்க அனுப்பப்பட்டனர். சிறு எண்ணிக்கையினர் போலிஷ் மொழியும் செக் மொழியும் கற்றனர். போர் வந்தால் கைதிகளை விசாரிக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும். போர் வரும்வரை எதிரியின் வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்கக் காதுகள் வேண்டும். பள்ளியின் நோக்கம் இவ்வளவே. செகாவும் புஷ்கினும் வகுப்புக்குள் வந்தது உண்மை. ஆனால் அவர்கள் கற்பிக்கும் கருவிகளாகவே வந்தார்கள். பாடத்தின் இலக்கு பீரங்கி வண்டியின் உறுப்புகளுக்கான பெயர்கள், விமானி விரைந்து சொல்லும் எண்கள், தரைநிலையத்தின் கட்டளைகள் ஆகியவையே.

முகாம் வாழ்க்கையைப் பற்றி நம் நண்பர்கள் வரைகிற சித்திரம் ஓர் ஆசிரமத்தை ஒத்திருக்கிறது. உண்மை வேறு. கிரெயில் ஃபைஃப் பகுதியிலுள்ள சிறு மீன்பிடி ஊர். ஊருக்கு வெளியே, வடகடல் காற்று தடையின்றி வீசும் திறந்த வெளியில், போர்க்காலத்தில் கடற்படை விமானதளமொன்று கட்டப்பட்டிருந்தது. நீர்மூழ்கிக் குண்டு வீசும் விமானிகள் அங்கே பயிற்சி பெற்றனர். அந்த விமானதளத்தின் கட்டடங்களிலேயே 1956இல் பாட்மினிலிருந்து மொழிப்பள்ளி குடியேறிற்று. நீண்ட கூடங்களில் வரிசையாகக் கட்டில்கள், குளிர், இராணுவச் சோறு, தொடக்கத்தில் வாரம் 28 ஷில்லிங் சம்பளம். இதன் நடுவில், நேற்றுவரை பள்ளிக்கூடச் சிறுவர்களாக இருந்தவர்கள் உட்கார்ந்து ருஷ்ய வினைச்சொல்லின் முற்றுவடிவையும் முற்றாவடிவையும் மனப்பாடம் செய்தார்கள்.

காலையில் பெருங்கூட்டமாக இலக்கணம். பின்னர் சிறு குழுக்களாக உரையாடல், வாசிப்பு, சொல்வதெழுதுதல். இரவில் மறுநாளுக்கான சொற்பட்டியல். குறித்த இடைவெளியில் தேர்வு. தேர்வில் தவறியவரைப் பள்ளி வைத்துக்கொள்ளாது. அவர் தம் படைப்பிரிவுக்கே திருப்பி அனுப்பப்படுவார். இந்த ஒரு விதியே அந்தப் பள்ளியின் உயிர்நாடி. நாமும் கல்லூரியில் மொழி கற்பித்துப் பிழைப்பவரே. தேர்வில் தோற்றால் அணிவகுப்பு மைதானமும், அதற்கப்பால் ஒரு காலனியப் போரும் காத்திருக்கும் என்ற நிலையில் எந்த மாணவர்தான் வினைத்திரிபுகளை நெட்டுருச் செய்யமாட்டார்? அச்சத்தில் விளைந்த ஊக்கத்தைக் கல்விமுறையின் வெற்றியென்று கொண்டாடுவது, பிரம்பைப் பேராசிரியராக நியமிப்பதற்குச் சமம்.

காலனியப் போர் என்றோம். அக்கால இளைஞருக்கு அது வெறுஞ்சொல் அன்று. மலாயாவிலும் கென்யாவிலும் சைப்பிரசிலும், கொரியப் போர்முனையிலும் கட்டாய சேவை இளைஞர்கள் போரிட்டனர். 1948 முதல் 1960 வரை நீண்ட மலாயா அவசரநிலையில், ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்களும் கம்பிவேலிகளுக்குள் ஒருங்குகூட்டப்பட்டு வாழ நேர்ந்தது. கூல்ஸ்டனிலும் பாட்மினிலும் ஒருவர் ருஷ்யக் கவிதையை உரக்க வாசித்த அதே வாரத்தில், அவரோடு ஒரே நாளில் படைக்கு அழைக்கப்பட்ட இன்னொருவர் பேராக்கின் காட்டில் துப்பாக்கி தூக்கிக்கொண்டிருந்தார். ஒரே சட்டம், இருவேறு விதி. அவ்விருவரையும் பிரித்தது எது? பெரும்பாலும் மேல்நிலைப் பள்ளிப் படிப்பு.

நம் நண்பர்களின் வாதம் வீழ்கிற முதல் இடம் இது. அந்தப் பள்ளி எவரையும் எழுத்தாளராக்கவில்லை. எழுத்தாளராகக் கூடியவர்களைச் சலித்தெடுத்துக்கொண்டது. மொழிப்பாடங்களில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களையும், பல்கலைக்கழக இடத்தைக் கையில் வைத்திருந்தவர்களையும் பொறுக்கி ஓரிடத்தில் சேர்த்தால், அவர்களுள் நாலைந்து பேர் பின்னாளில் நாடகம் எழுதுவதில் அதிசயம் என்ன இருக்கிறது? நெல்லைச் சலித்து வைத்தவர் விளைவித்தவர் ஆகிவிடுவாரா?

"பாட்டர் சுரங்கத் தொழிலாளியின் மகன், பென்னட் இறைச்சிக்கடைக்காரரின் மகன், இராணுவம் அல்லவா அவர்களுக்கு வாசல் திறந்தது?" என்று கேட்கக்கூடும். அன்று. வாசலைத் திறந்தது 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். அரசு நடத்திய மேல்நிலைப் பள்ளிகளில் கட்டணத்தை நீக்கிய சட்டம் அது. கட்டணமில்லாத அந்த மேல்நிலைப் பள்ளிகளே அவ்விருவரையும் ஆக்ஸ்ஃபோர்டின் வாயிலுக்குக் கொண்டு சேர்த்தன. படைமுகாம் அவர்களின் பயணத்தில் இரண்டாண்டுச் சுங்கச்சாவடி. சுங்கம் வசூலித்தவருக்குச் சாலை போட்டவர் என்று பட்டம் சூட்டுவது முறையன்று.

எதிர்ச்சான்றும் கையில் இருக்கிறது. அதே தலைமுறையைச் சேர்ந்த ஹெரால்ட் பின்டர், மனச்சான்றின் பேரில் படைக்குச் செல்ல மறுத்தார். நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு அபராதம் செலுத்தினார். முகாமுக்குப் போகாத அவர் 2005இல் நோபல் பரிசு பெற்றார். ஆர்னால்ட் வெஸ்கர் விமானப்படையில் கட்டாய சேவை செய்தார். மொழிப்பள்ளிக்கல்ல, சாதாரண முகாமுக்குப் போனார். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய 'சிப்ஸ் வித் எவ்ரிதிங்' 1962இல் மேடையேறிற்று. மனிதரைத் தரம்பிரித்துப் பணியவைக்கும் எந்திரமாகவே அந்நாடகம் படையைக் காட்டுகிறது. மறுத்தவரும் எழுதினார், வெறுத்தவரும் எழுதினார். அப்படியிருக்க, எழுத்துக்கு முகாம்தான் காரணம் என்பது எவ்வகைத் தருக்கம்?

நம் இலக்கிய உலகில் இதே தருக்கம் வேறு வடிவிலும் உலவுகிறது. "சைபீரியா இல்லையேல் தஸ்தயேவ்ஸ்கி இல்லை" என்பார்கள். 1849இல் கைதான அவர் ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள் கடூழியம் செய்தார். தண்டனை அத்துடன் முடியவில்லை. 1854இல் செமிபலாத்தின்ஸ்கில் சாதாரணச் சிப்பாயாகக் கட்டாயச் சேவையும் செய்ய நேர்ந்தது. அந்தத் துயரத்திலிருந்து அவர் பெரும் இலக்கியம் படைத்தார் என்பது உண்மை. அதற்காக ஜார் மன்னரின் சிறைத்துறைக்கு இலக்கிய விருது வழங்குவோமா? துன்பத்தைக் கலையாக மாற்றியது கலைஞரின் ஆற்றல். அதைத் துன்பம் விளைவித்தவரின் கணக்கில் வரவு வைப்பது திருட்டு.

அந்தப் பள்ளியில் நன்மையே இல்லையென்று நாம் சாதிக்கவில்லை. அங்கே மொழி நன்றாகவே கற்பிக்கப்பட்டது. அங்கே கற்றவர்கள் பலர் பின்னர் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ருஷ்ய ஆசிரியர்களானார்கள். டி.எம். தாமஸ் 1976இல் அன்னா அக்மதோவாவின் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். செகாவின் 'செர்ரிப் பழத்தோட்டம்' நாடகத்தை ஃபிரேய்ன் 1978இல் மொழிபெயர்த்தார். செகாவின் மற்றப் பெருநாடகங்களும் அவர் கையால் ஆங்கில மேடைக்கு வந்தன. இவை பெருஞ்செயல்கள். நம் கேள்வி, இந்த நன்மைக்கு யாரிடம் நன்றி சொல்வது என்பதே.

நாம் நன்றி சொல்ல வேண்டியவர்கள் அந்த ஆசிரியர்கள். அவர்களுள் பெரும்பாலோர் நாடிழந்தவர்கள். 1917 புரட்சிக்குப் பின் ஓடிவந்த பழைய குடும்பத்தார், இரண்டாம் உலகப்போரில் வேரறுக்கப்பட்டு அகதிமுகாம்களில் அலைந்த பால்டிக் நாட்டவர், உக்ரைனியர், போலந்தியர், சோவியத் படையிலிருந்து தப்பியவர் எனப் பலவகையினர் இருந்தனர். கேம்பிரிட்ஜில் மேல்நிலை வகுப்பை நடத்திய எலிசபெத் ஹில் அம்மையார் 1900இல் பீட்டர்ஸ்பர்கில் பிறந்தவர். ருஷ்யத் தாய்க்கும் ஆங்கிலத் தந்தைக்கும் மகள். புரட்சிக்காலத்தில் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். அவர் பெயராவது ஏட்டில் இருக்கிறது. பாட்மினிலும் கிரெயிலிலும் நாள்முழுதும் உரையாடல் வகுப்பெடுத்த முதியவர்களை யார் நினைக்கிறார்கள்? திரும்பிப் போக முடியாத நாட்டின் மொழியை, அந்நாட்டை ஒட்டுக்கேட்கப் போகிற சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அவர்கள் வயிறு வளர்த்தார்கள். கற்பித்த சொல்லோடு தங்கள் பாட்டையும் நாடகத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மாணவர்கள் ருஷ்ய மொழியிலேயே பாடவும் நடிக்கவும் செய்தார்கள். அரசின் உத்தரவில் இருந்தது சொற்பட்டியல் மட்டுமே. பாட்டும் நாடகமும் அந்த அகதிகளின் கொடை.

அவர்களை நாடற்றவர்களாக்கியதும் இராணுவமும் அரசுகளுமே என்பதை நினைத்துப் பார்க்கும்போது, "இராணுவம் தந்த இலக்கியக் கொடை" என்ற தொடர் நமக்குக் கசக்கிறது.

இனிப் படிப்பு முடிந்தபின் நடந்ததைப் பார்ப்போம். தேறியவர்கள் இரு தரமாகப் பிரிக்கப்பட்டனர். மேல்தரத்தினர் கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் அனுப்பப்பட்டு மொழிபெயர்ப்பாளராயினர். பென்னட்டும் ஃபிரேய்னும் கேம்பிரிட்ஜ் போனார்கள். நம் நண்பர்கள் சுட்டும் பெயர்களில் இரண்டு இவ்வாறு முகாமிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பெயர்ந்தவர்களுடையவை என்பது கவனிக்கத்தக்கது. எஞ்சிய பெரும்பான்மையினர் வானொலிக் கண்காணிப்புப் பயிற்சி பெற்று ஒட்டுக்கேட்கும் நிலையங்களுக்குச் சென்றனர். விமானப்படையினர் பெர்லினின் காட்டோவ் தளத்துக்கும், கடற்படையினர் ஜெர்மனியின் வடகடற்கரையிலுள்ள குக்ஸ்ஹாஃபனுக்கும் அனுப்பப்பட்டனர். அங்கே காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவே ஒலிக்கும் சோவியத் விமானியின் குரலையும் கப்பலின் குரலையும் தாளில் பதிய வேண்டும். எண்கள், உயரம், திசை, அழைப்புப் பெயர்கள்; மீண்டும் எண்கள். முறைமாற்றி இரவும் பகலும் இதுவே வேலை.

இலக்கியத்துக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டோ? ஒரு மொழியை அதன் கவிதைவரை கற்பித்துவிட்டு, அதைப் பேசுகிறவரோடு ஒரு சொல்லும் பேசாமல் ஒளிந்திருந்து கேட்கச் சொல்வது! மறுமுனையில் இருந்தவரும் பெரும்பாலும் அதே வயதுடைய, அதேபோல் கட்டாயமாக அழைக்கப்பட்ட சிறுவர்தான். சோவியத் நாட்டிலும் கட்டாய சேவை இருந்தது. அங்கே காலம் இன்னும் நீளம். ஒரே மொழி அறிந்த இரு இளைஞர்களுக்கு நடுவே ஒருவழிக் கம்பி. உரையாடலுக்காகப் பிறந்த மொழி அங்கே வேவுக் கருவியாயிற்று.

கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது. அனைவரும் அரசு இரகசியக் காப்புச் சட்டத்துக்கு உட்பட்டு உறுதி எழுதிக் கொடுத்தவர்கள். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் பல்லாண்டுகள் வாய் திறக்காதவர்கள் இருந்தனர். பள்ளியின் முழு வரலாறு, அங்கே பயின்ற ஜெஃப்ரி எலியட், ஹெரால்ட் ஷுக்மன் ஆகிய இருவரால் 2002இல்தான் நூலானது. பள்ளி மூடி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. எழுத்தாளரை உருவாக்கிய நிறுவனம் என்று புகழப்படுவது, தன்னைப் பற்றி எழுதவே இடந்தராத நிறுவனம். இந்த முரண் நம் நண்பர்களின் கண்ணில் படவில்லை.

மௌனத்தை மீறியவர்களுக்கு நேர்ந்தது என்ன? கடற்படையில் ருஷ்யம் கற்றுக் கண்காணிப்பு வேலை செய்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப்போன வில்லியம் மில்லர், பால் தாம்ஸன் என்னும் இரு மாணவர்கள், 1958 பிப்ரவரியில் 'ஐசிஸ்' என்ற மாணவர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஈராக் முதல் பால்டிக் வரை எல்லையோரமெங்கும் ஒட்டுக்கேட்கும் நிலையங்கள் இருப்பதையும், எதிரியைப் பேசவைத்துப் பதிவு செய்வதற்காகவே பிரிட்டனின் விமானங்களும் கப்பல்களும் எல்லைக்குள் புகுந்து சீண்டியதையும் அவர்கள் எழுதினார்கள். போர் மூளாமல் காக்கிறோம் என்ற பெயரில் போரைத் தூண்டும் விளையாட்டு நடக்கிறது என்பதே அவர்கள் குற்றச்சாட்டு. அரசு அவர்கள்மேல் இரகசியச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. இருவருக்கும் மூன்றுமாதச் சிறை கிடைத்தது.

அவர்கள் எதையும் எதிரிக்கு விற்றவர்கள் அல்லர். தாங்கள் விரும்பிச் சேராத ஒரு படையில், தங்களைக் கொண்டு செய்விக்கப்பட்ட செயலைத் தம் நாட்டு மக்களுக்குச் சொன்னவர்கள். "எங்கள் இரண்டாண்டை எடுத்துக்கொண்டீர்கள், அதில் என்ன செய்தீர்கள் என்று சொல்லும் உரிமையையுமா எடுத்துக்கொள்வீர்கள்?" என்பதே அக்கட்டுரைக்கு அடியில் நாம் வாசிக்கும் கேள்வி. கட்டாயத்தின் மெய்முகம் இங்கேதான் தெரிகிறது. தானே விரும்பி ஒற்றர் வேலைக்குச் சேர்ந்தவர் மௌனத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டவர். இழுத்துவரப்பட்டவரிடம் உழைப்பை வாங்கியதோடு நிறுத்தாமல் நினைவையும் பறிமுதல் செய்வது எவ்வகை நீதி?

பின்கதை ஒன்றுண்டு. அந்தப் பால் தாம்ஸனே பிற்காலத்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, பிரிட்டனில் வாய்மொழி வரலாறு என்ற துறைக்கு அடித்தளமிட்டார். 1978இல் வெளிவந்த அவருடைய 'தி வாய்ஸ் ஆஃப் தி பாஸ்ட்' உலகெங்கும் அத்துறையின் முதல்நூலாகக் கற்கப்படுகிறது. ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்கப் பழக்கப்பட்டவர், பின்னர் எளிய மனிதரின் எதிரே அமர்ந்து அவர் இசைவோடு அவர் கதையைக் கேட்கும் கலையைப் பிறருக்குக் கற்பித்தார். கேட்டல் என்ற ஒரே செயலுக்கு இரண்டு அறங்கள் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முன்னதற்கு அரசு சம்பளம் தந்தது. பின்னதன் முதல்படியிலேயே சிறையும் தந்தது. நம் நண்பர்கள் தங்கள் பட்டியலில் பென்னட்டையும் ஃபிரேய்னையும் சேர்க்கிறார்கள். மில்லரையும் தாம்ஸனையும் மறந்துவிடுகிறார்கள். அந்த மறதி தற்செயலானதென்று நமக்குத் தோன்றவில்லை.

பட்டியலில் உள்ளவர்களின் படைப்புகளையாவது ஊன்றிப் படித்தார்களா என்ற ஐயமும் நமக்குண்டு. பாட்டர் 1970இல் எழுதிய 'லே டவுன் யுவர் ஆர்ம்ஸ்' என்ற தொலைக்காட்சி நாடகம், போர் அமைச்சகத்தில் ருஷ்ய ஆவணங்களோடு மல்லாடும் கட்டாய சேவை இளைஞனைப் பற்றியது. 1956இன் சூயஸ் நெருக்கடிக் காலத்தில் நிகழ்வது. அதே களத்தை 1993இல் 'லிப்ஸ்டிக் ஆன் யுவர் காலர்' என்ற தொடராக மீண்டும் எழுதினார். அவற்றில் நாம் காண்பது சலிப்பும், அதிகாரிகளின் மேட்டிமையும், சரிந்துகொண்டிருக்கும் பேரரசின் அசட்டுத்தனமுமே. பென்னட் திரும்பத் திரும்பத் தொட்டது தேசத்துரோகி எனப்பட்டவர்களின் கதையை: 1983இல் மாஸ்கோவில் ஒதுங்கிய கை பர்ஜஸ், 1988இல் ஆந்தணி பிளண்ட். விசுவாசம் என்ற சொல்லையே ஐயத்துடன் நோக்கும் படைப்புகள் அவை. முகாமுக்கு நன்றிப்பா பாடிய படைப்பு இவற்றுள் எதுவுமில்லை. சாட்சிகளே மறுதலிக்கும் வழக்கை நம் நண்பர்கள் எந்த நம்பிக்கையில் வாதாடுகிறார்கள்?

அரசின் மொழிப்பற்று எவ்வளவு நீடித்தது என்பதையும் பார்த்துவிடுவோம். கட்டாய சேவை முடிவுக்கு வந்ததும் 1960இல் கிரெயில் மூடப்பட்டது. நிரந்தரப் படையினருக்கான பயிற்சி வேறு தளத்துக்கு மாறிற்று. நாடகங்களும் பாடற்குழுவும் கலைந்தன. பிற்காலத்தில் அந்த ஓடுபாதையில் கார்ப் பந்தயம் நடந்தது. பெர்லினின் காட்டோவ் தளத்தைவிட்டுப் பிரிட்டனின் விமானப்படை 1994இல் வெளியேறியது. இன்று அங்கே ஜெர்மானிய இராணுவத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. ருஷ்ய மொழி அரசுக்கு என்றும் எதிரியின் மொழியாகவே இருந்தது. ஒருநாளும் அண்டைவீட்டாரின் மொழியாக இருக்கவில்லை. தேவை தீர்ந்தால் கத்தியை உறையில் போடுவதுபோல் மொழியையும் போட்டுவிடலாம்.

இங்கே தமிழ் வாசகராகிய நாம் நம் கணக்கையும் பார்க்க வேண்டும். அதே பனிப்போரின் மறுகரையிலிருந்து நமக்கு நூல்கள் வந்தன. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மிக மலிவாக நம் கைக்கு வந்த தமிழ் நூல்களில்தான் நம் தலைமுறை தல்ஸ்தோயையும் செகாவையும் ஐத்மாத்தவையும் படித்தது. அதுவும் ஓர் அரசின் பிரசாரச் செலவே. அதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் அக்மதோவாவின் 'இரங்கற்பா' அவ்வரிசையில் நமக்கு வரவில்லை. சோவியத் நாட்டிலேயே அது 1987வரை அச்சேறவில்லை. ஒரு கரை ஒட்டுக்கேட்டது. மறுகரை தனக்கு உகந்ததை மட்டும் உரக்கப் படித்தது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம்மை எவரும் கட்டாயப்படுத்தி அந்த நூல்களைப் படிக்கவைக்கவில்லை. படித்ததை வெளியே சொல்லாதே என்று உறுதி வாங்கவுமில்லை. நாம் நன்றி பாராட்டுவது ரா. கிருஷ்ணையாவுக்கும் பூ. சோமசுந்தரத்துக்கும், சோவியத் பாதுகாப்புத் துறைக்கு அன்று. அதே நேர்மையோடு ஆங்கிலேயர் நன்றி சொல்ல வேண்டியதும் நாடிழந்த அந்த ஆசிரியர்களுக்கே. போர் அமைச்சகத்துக்கு அன்று.

இது நமக்கு ஏன் முக்கியம் என்று கேட்கலாம். இந்தியாவில் கட்டாய இராணுவ சேவை இல்லை. ஆனால் தமிழ் வாசகர் உலகம் இந்தியாவோடு முடிவதில்லை. சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை நடைமுறையில் இருக்கிறது. அங்குள்ள தமிழ் இளைஞர்கள் ஈராண்டு சீருடை அணிந்தே கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்கள் அங்கே பெற்ற தோழமையையும் உறுதியையும் நாம் இழிவு செய்யவில்லை. ஈழப்போரின் இறுதி ஆண்டுகளில் வன்னியில் பிள்ளைகள் கட்டாயமாகப் படைக்குப் பிடித்துச் செல்லப்பட்டதையும், அவர்களை ஒளித்துவைக்கத் தாய்மார் பட்டபாட்டையும் அறிந்த சமூகம் நம்முடையது. அந்தத் தாய்மார் உயிரோடிருக்கும் காலத்தில், "கட்டாயப் படைவாழ்வு எழுத்துக்கு நல்ல பயிற்சி" என்று தமிழில் எழுதுவதற்குக் கை கூச வேண்டாமா?

ஒரு தலைமுறையின் ஈராண்டு என்பது சிறு பொருளன்று. பதினெட்டு வயதில் ஒருவர் தாமாகத் தேடிச் செல்லக்கூடிய புத்தகம், ஊர், நட்பு, காதல், வேலை அனைத்தும் அதில் அடங்கும். இருபது லட்சம் பேரின் ஈராண்டைக் கூட்டிப் பாருங்கள். நாற்பது லட்சம் ஆண்டுகள். அதிலிருந்து நாலைந்து எழுத்தாளர்களின் பெயரை எடுத்துக்காட்டி, கணக்கு நேராகிவிட்டது என்பது வணிகர்கூடச் செய்யத் துணியாத கணக்கு. எழுதாமல் போனவர்களின் பட்டியல் எங்கே? காதில் எண்களைக் கேட்டே இரவுகளைக் கழித்து, உறுதிமொழிக்கு அஞ்சி வாய்மூடிக் கிழவராகி இறந்தவர்களின் நூல்கள் எந்த நூலகத்தில் இருக்கின்றன?

மொழி கற்பிக்க விரும்பும் அரசுக்கு வழி எளிது. நல்ல ஆசிரியரை நியமித்து நல்ல சம்பளம் கொடுக்கட்டும்; சிறு குழுக்களாக வகுப்பு நடத்தட்டும்; நாள்முழுதும் மொழியில் மூழ்கியிருக்க மாணவருக்கு உதவித்தொகை தரட்டும்; பாடவும் நடிக்கவும் மேடை தரட்டும். கிரெயிலில் பலித்தவை இந்த நான்குமே. இவற்றுக்குச் சீருடையும் வேண்டாம், எதிரியும் வேண்டாம், அணிவகுப்பு மைதானத்தின் அச்சுறுத்தலும் வேண்டாம். இந்த நான்கையும் நம் கல்லூரி மொழித்துறைகளுக்குக் கேட்டால் நிதி இல்லை என்பார்கள். போர் என்றால் அதே கஜானா திறக்கும். இலக்கிய அன்பர்கள் குரலெழுப்ப வேண்டிய இடம் இது. முகாமின் வாசலில் நின்று வாழ்த்துப் பாடும் வேலையை அதற்கெனச் சம்பளம் பெறுவோருக்கு விட்டுவிடலாம்.

நம் வாதத்தை மறுப்போர் மறுக்கட்டும். ஆனால் பென்னட்டின் பெயரைச் சொல்லும் வாயால் மில்லர், தாம்ஸன் பெயர்களையும் சொல்லிவிட்டு மறுக்கட்டும்.